அஞ்சலாட்சி தலையாட்டினா கணக்கு இல்ல

கரையில மீன் ஏலம் விடும்போது நாங்க பொம்பளைங்க வாயைத் தொறக்க மாட்டோம். மார்க்கெட்ல எங்க வாய்க்குப் பயந்து பாதி ஊரு சுத்திக்கிட்டுப் போவும், அது வேற கதை. ஏலத்துல தலைதான் பேசும். மீனைக் கூறு போட்டு வச்சிட்டு, ஏலம் விடுறவர் வெலையை ஏத்திக்கிட்டே போவார். வேணும்னா லேசா தலையை ஆட்டணும். வேணாம்னா ஆடாம நிக்கணும். பக்கத்துல நிக்கிறவளுக்குக்கூட நீ ஆட்டினது தெரியக் கூடாது. தெரிஞ்சா வேணும்னே ஏத்திவுடுவா. இப்படித்தான் இத்தனை வருசம் பொழப்பு ஓடுது. என் பேரு பச்சையம்மாள், ஊரு புதுச்சேரி வம்பாகீரப்பாளையம். பெரிய மார்க்கெட்ல மீன் பக்கம் வந்து யாரைக் கேட்டாலும் என்னைக் காட்டுவாங்க. கோவக்காரின்னு சேத்துதான் சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போறாங்க.

எனக்குப் பக்கத்து எடம் அஞ்சலாட்சியோடது. என்னைவிடச் சின்னவ, ஆனா மீன் பாக்கிறதுல எங்க எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுடுவா. செவுளைத் தூக்கிப் பாக்க மாட்டா, அமுக்கிப் பாக்க மாட்டா. எட்ட நின்னு ஒரு பார்வை, அவ்வளவுதான். அவ தலையாட்டுறது ஏலம் விடுற சாமிக்கண்ணு மாமா ஒருத்தருக்குத்தான் தெரியும். நாங்க பேந்தப் பேந்த முழிச்சிக்கிட்டு நிக்கும்போது நல்ல சங்கரா மீனா அள்ளிக் கூடையில போட்டுக்கிட்டு மார்க்கெட்டுக்கு நடையைக் கட்டிடுவா. "நீ திட்டிக்கிட்டே இரு அக்கா, உன்கிட்ட கோவிச்சிக்கிட்டு வர்றவங்களை நான் பாத்துக்கிறேன்"னு சிரிப்பா. அவ வூட்டுக்காரர் அய்யப்பன் ஃபைபர் போட்டுல கடலுக்குப் போறவர், அதிகம் பேசாத மனுசன். ஒரே பொண்ணு சிவசங்கரி, அப்ப பள்ளிக்கூடம் முடிக்கிற வயசு.

சுனாமி வந்துட்டுப் போன மறு வருசம் அவளுக்கு அந்த ஆட்டம் ஆரம்பிச்சுது. மொதல்ல விரலு. அருவாமனையில உக்காந்து மீன் அரியும்போது விரலு தானா துள்ளும். அப்பறம் தோளு. அப்பறம் புருவம் ஏறி ஏறி எறங்கும். நிக்கச் சொன்னா ஒரு எடத்துல நிக்க முடியாம காலை மாத்தி மாத்தி வப்பா. கடைசியா தலை. வெடுக்குனு ஒரு பக்கம் இழுக்கும், அப்பறம் முன்னால விழும். கை தன்னால தூக்கினா, தலைமுடியை ஒதுக்குற மாதிரி, முந்தானையைச் சரிபண்ற மாதிரி எதையாவது செஞ்சு மறைச்சிக்குவா. என்னடின்னு கேட்டா, "கழுத்து சுளுக்குக்கா"ம்பா.

குப்பத்துல அப்ப எல்லாருக்குமே பயம்தான். தூக்கத்துல எழுந்து உக்காந்து அலை வருது அலை வருதுன்னு கத்தினவங்க எத்தனை பேரு! அதனால இதுவும் சுனாமி பயம்தான்னு ஊரே முடிவு கட்டிடுச்சு. மந்திரிச்சுக் கயிறு கட்டினோம், வேப்பிலை அடிச்சோம், அம்மனுக்குக் கூழு ஊத்தினோம். ஒண்ணும் கேக்கல.

வெனை வந்தது ஏலத்துலதான். சாமிக்கண்ணு மாமா என்ன பண்ணுவாரு பாவம், தலை ஆடினா அவரு கணக்குக்கு அது வெலை கேக்குறது. அஞ்சலாட்சி தலை ஆடிக்கிட்டே இருந்துது. வஞ்சிரம் கூறு அவளுக்கு, பாறை கூறு அவளுக்கு, யாரும் சீந்தாத திருக்கையும் அவளுக்கு. "மொத்தக் கரையையும் இவளே வழிச்சுக்கிட்டுப் போறா, கொழுப்பைப் பாரு"ன்னு பார்வதி கத்துவா. பார்வதின்னா, எனக்கு எதிர் வரிசையில உக்கார்றவ, அஞ்சலாட்சி எதைத் தொட்டாலும் அதையே கேக்குறவ. கேட்டதை எடுத்துத்தான் ஆவணும், ஏலத்துல பின்வாங்கினா மறுநாள் கரைப்பக்கம் வர முடியாது. ஒரு நாளு ஒரு பெரிய திருக்கைக் குவியலு அவ பேருல விழுந்ததும் அப்படியே மணல்ல உக்காந்துட்டா. "நான் ஆட்டல மாமா. சத்தியமா நான் ஆட்டல. இந்தத் தலை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது"ன்னு தலையைப் போட்டு அடிச்சிக்கிட்டா.

அன்னிக்குச் சாயங்காலம் பஞ்சாயத்து கூடுச்சு. எங்க ஊர்ல பஞ்சாயத்துல ஒண்ணு சொல்லிட்டா சொன்னதுதான், மறுபடி பஞ்சாயத்துதான் அதை மாத்தணும். தலைவர் இராமதாஸ் நல்ல மனுசன், பாவம் பாக்குறவர். "இனிமே அஞ்சலாட்சி தலையாட்டினா கணக்கு இல்ல. அந்தப் பொண்ணு மட்டும் வாயைத் தொறந்து கேக்கட்டும்"னு தீர்ப்பு சொன்னாரு. எல்லாருக்கும் சந்தோசம். பரவால்லியே, ஊரு அவளைக் கைவிடலன்னு நானும் நெனைச்சேன்.

ஆனா நடந்தது என்ன தெரியுமா? அவ வாயைத் தொறந்து "ஆங்"னு சொன்னதும் கரையில இருக்கிற அத்தனை பேருக்கும் கேக்கும். அஞ்சலாட்சியே கேக்குறான்னா அது நல்ல மீனாத்தான் இருக்கும்னு நாலு பேரு தலையாட்டுவாங்க, பார்வதி மொத ஆளு. வெலை எகிறிடும். அவ கண்ணுல பட்ட நல்ல மீனெல்லாம் அடுத்தவ கூடைக்குப் போச்சு, இவளுக்குக் கழிசடை மிஞ்சுச்சு. ஊரு பாவம் பாத்துச் செஞ்சதே அவ பொழப்புல மண்ணைப் போட்டுடுச்சு. யாரைப் போய்த் திட்டுறது? எனக்கே திட்ட ஆளு கெடைக்கலன்னா பாத்துக்கோங்க.

"நான் உனக்கும் சேத்து எடுக்குறேன்டி"ன்னு சொன்னேன். "உன் கண்ணுல எடுத்த மீனை நான் விக்க மாட்டேன் அக்கா"ன்னு சொல்லிட்டா. திமிரு. அந்தத் திமிரு இல்லன்னா அவ அஞ்சலாட்சியே இல்ல.

சுனாமி பயத்துக்கு வைத்தியம் பாக்குறோம்னு டாக்டருங்க அப்பப்ப குப்பத்துல முகாம் போடுவாங்க. ஒரு தடவை ஒரு டாக்டரம்மா வந்தாங்க. அஞ்சலாட்சி எதிர்ல உக்காந்ததும் அவங்க சுனாமியைப் பத்தி ஒண்ணும் கேக்கல. அவ விரலையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, "உங்க அப்பா அம்மாவுல யாருக்காவது இப்படி இருந்துச்சா?"ன்னாங்க.

"எங்கப்பா குடிகாரரு. குடிச்சுக் குடிச்சே செத்தாரு"ன்னா இவ.

"குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

அஞ்சலாட்சி என்னைத் திரும்பிப் பாத்தா. அவ அப்பா பேரு அம்மாவாசை, எனக்கும் நல்லாத் தெரிஞ்ச மனுசன். தள்ளாடிக்கிட்டுத்தான் வருவாரு, கையைக் காலை ஒதறுவாரு, பேச்சு குழறும். புதுச்சேரியில தெருவுக்குத் தெரு சாராயக் கடை. இங்க ஒரு ஆம்பளை தள்ளாடினா யாரு ஏன்னு கேப்பாங்க? அவ அம்மா சின்னப்பாப்பா அவரை வூட்டுக்கு வெளியிலேயே படுக்கப் போட்டுது. "நான் தொடலடி, நான் தொடலடி"ன்னு அந்த மனுசன் சொல்லிக்கிட்டே இருப்பாரு. எந்தக் குடிகாரன்தான் ஒத்துக்குவான்னு ஊரே சிரிச்சுது. அதுவும் இதே நோயாத்தான் இருந்திருக்கும்னாங்க டாக்டரம்மா. முகாம்ல இருந்து வர்ற வழியெல்லாம் அஞ்சலாட்சி அழுதா. அவளுக்கு நோய்னு சொன்னதுக்கு அழல. "எங்கப்பா குடிக்கலக்கா. ஒரு சொட்டு குடிக்காத மனுசன் குடிகாரன்னு பேர் வாங்கிக்கிட்டு செத்தாருக்கா"ன்னுதான் அழுதா.

ரத்தம் எடுத்துப் பாத்து ஹண்டிங்டன்னு பேரு சொன்னாங்க. வாயில நொழையாத பேரு, பெத்தவங்ககிட்ட இருந்து புள்ளைங்களுக்கு எறங்குற நோய். வந்தாலும் வரலாம், வராமலும் போவலாம், பாதிக்குப் பாதி. அதைக் கேட்டதும் என் கண்ணு தானா சிவசங்கரி விரலு பக்கம் போச்சு. அந்தப் பொண்ணு அதைக் கவனிச்சுட்டா. "எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு தோணும்போது நானே போயி ரத்தம் குடுக்குறேன் பெரியம்மா. அதுவரைக்கும் யாரும் என் விரலை உத்துப் பாக்காதீங்க"ன்னா. அதுக்கப்பறம் நான் பாக்கல.

மாத்திரை குடுத்தாங்க. ஆட்டம் கொஞ்சம் கொறைஞ்சுது, ஆனா ஆளு மந்தமாயி மீன் கூடை மேலேயே தூங்கி விழுவா. டோஸைக் கொறைச்சா மறுபடி ஆட்டம். இப்படியே ரெண்டு வருசம் ஓடிப்போச்சு. அப்பறம்தான் அந்த டாக்டரம்மா, சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில மூளைக்குள்ள கம்பி வச்சுப் பாக்குறாங்க, வர்றியான்னு கேட்டாங்க. கை நடுக்க நோய்க்கு ரொம்ப நாளா அதைச் செய்யிறாங்களாம். இந்த நோய்க்கு வச்சுப் பாக்குறது புதுசு, உலகத்துலயே கொஞ்சம் பேருக்குத்தான் செஞ்சிருக்காங்களாம். அதனால மெஷினுக்குக் காசு வேணாம்னுட்டாங்க.

அய்யப்பன், நான், அவ, மூணு பேரும் அந்த டாக்டரம்மா எதிர்ல உக்காந்திருந்தோம். அவங்க ஒண்ணையும் மறைக்கல. மண்டையில ரெண்டு பக்கமும் சின்னதா தொளை போட்டு, மூளை ஆழத்துல ரெண்டு கம்பியை எறக்குவாங்களாம். நெஞ்சுல தோலுக்கு அடியில பேட்டரி. அதுல இருந்து கொஞ்சூண்டு கரண்டு போய்க்கிட்டே இருக்குமாம். "இது ஆட்டத்தைத்தான் அடக்கும். நோயை நிறுத்தாதும்மா. யோசனை மெதுவாகிறது, கோவம், முழுங்குறதுக்குக் கஷ்டம், இதெல்லாம் அது பாட்டுக்கு வரும். பேச்சு குழறிப் போகலாம்"னாங்க.

அதிகம் பேசாத அய்யப்பன் அன்னிக்குப் பேசினாரு. "நோயைத் தீக்காததுக்கு எதுக்குங்க மண்டையைத் தொறக்கணும்? அது ஆடிக்கிட்டே இருக்கட்டும், நான் பாத்துக்குறேன். கண்ணு முன்னால உசுரோட இருந்தா போதும் எனக்கு." எனக்கும் அவரு சொல்றதுதான் நியாயமாப் பட்டுது.

அஞ்சலாட்சி டாக்டரம்மாவைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "நான் தலையாட்டணும்னா அது ஆடணும். வேணாம்னா நிக்கணும். அது வருமா?"

"வரலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

"வாய் போனா?"

"போகாது. ஆனா மத்தவங்களுக்குப் புரியறது கஷ்டமாகலாம்."

"வாயை வச்சிக்கிட்டு இத்தனை நாளு என்னத்தைக் கிழிச்சேன்"ன்னா. "பண்ணுங்க."

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். மொட்டை அடிச்சு, தலையில இரும்பு வளையம் மாட்டி, உள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க. பாதி நேரம் மயக்கம், பாதி நேரம் முழிப்புன்னாங்க. முழிச்சிக்கிட்டு இருக்கும்போது கையைத் தூக்கு, மடக்குன்னு சொல்லிச் சொல்லிக் கம்பியை எறக்கினாங்களாம். நான் வெளியில உக்காந்து எனக்குத் தெரிஞ்ச சாமி பேரையெல்லாம் சொல்லிட்டேன். வேளாங்கண்ணி மாதாவையும் விடல.

கரண்டை ஒடனே வச்சுடல. புண்ணு ஆறினப்பறம், பஸ்ஸுல சென்னைக்குப் போய்ப் போய் வந்தோம். கையளவு பொட்டியை வச்சிக்கிட்டு ஒரு ஆஸ்பத்திரித் தம்பி கரண்டைக் கொஞ்சம் ஏத்துவாரு, கொஞ்சம் எறக்குவாரு. ஏத்தினா நாக்கு மடியும், எறக்கினா தோளு துள்ளும். ஒரு நாளு ஏதோ ஒரு எடத்துல நிறுத்தினாரு. அஞ்சலாட்சி கை மடியில இருந்துச்சு. இருந்துச்சுன்னா, சும்மா இருந்துச்சு. தோளு சும்மா இருந்துச்சு. புருவம் சும்மா இருந்துச்சு. அந்த மூஞ்சியைப் பாத்து எத்தனை வருசமாச்சு! அடிப்பாவி, நீ இப்படித்தான்டி இருப்பேன்னு கட்டிப் புடிச்சிக்கிட்டேன். அவ என்னமோ சொன்னா, எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியல. டாக்டரம்மா சொன்னபடியே பேச்சு போயிருந்துச்சு.

முடி கொஞ்சம் வளந்ததும் கரைக்கு வந்தா. "என்னாடி, திருப்பதி போய்ட்டு வந்தியா? லட்டு எங்க?"ன்னு ஆளாளுக்குக் கிண்டல். இவளும் சிரிச்சிக்கிட்டே எப்பவும் நிக்கிற எடத்துல போய் நின்னா. சாமிக்கண்ணு மாமா மொத கூறை ஆரம்பிச்சாரு, வஞ்சிரம். இவ தலையாட்டினா. அவரு பார்வையை இவ மேல வைக்கவே இல்ல, தாண்டிப் போயிட்டாரு. மறுபடி ஆட்டினா. மறுபடியும் தாண்டிட்டாரு. கூறு வேற யாருக்கோ விழுந்துச்சு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "யோவ் மாமா, கண்ணு அவிஞ்சு போச்சா? அவ கேக்குறா இல்ல?"ன்னு கத்தினேன்.

"பஞ்சாயத்து சொன்னதும்மா. அஞ்சலாட்சி தலையாட்டினா கணக்கு இல்ல. வாயால கேக்கச் சொல்லு, எடுத்துக்குறேன்"னாரு.

வாயால எங்க போயி கேப்பா? அதைத்தான் குடுத்துட்டு வந்திருக்கா. மண்டையைத் தொறந்து கம்பி வச்சிக்கிட்டு வந்தவளுக்கு ஊரு காட்டின கருணையே குறுக்க நிக்குது. நான் இன்னும் என்னென்னமோ கத்தினேன், அதெல்லாம் இங்க சொல்ற மாதிரி இல்ல. அஞ்சலாட்சி என் கையைப் புடிச்சு அழுத்தினா, சும்மா இருங்கிற மாதிரி. அப்பறம் கூட்டத்தை வெலக்கிக்கிட்டு முன்னால போயி, சாமிக்கண்ணு மாமா எதிர்ல நின்னா.

நின்னா. அவ்வளவுதான் செஞ்சா. கையைத் தொங்கவுட்டுக்கிட்டு, அவரு மூஞ்சியைப் பாத்துக்கிட்டு, ஒரு விரலு அசையாம நின்னா. மொதல்ல யாருக்கும் ஒண்ணும் வெளங்கல. "ஐஸு உருகுது, ஏலத்தைப் போடுய்யா"ன்னு யாரோ கத்தினாங்க. கொஞ்ச நேரத்துல அந்தச் சத்தமும் அடங்கிடுச்சு. வருசக்கணக்கா ஒரு நொடி நிக்காம ஆடினவ இல்ல? அவ நிக்கிறதைப் பின்னால இருந்தவங்க எக்கி எக்கிப் பாத்தாங்க. பார்வதிகூட வாயைப் பொத்திக்கிட்டா. எல்லாரும் பாத்து முடிச்சாங்கன்னு தெரிஞ்சப்பறம் அஞ்சலாட்சி ஒரே ஒரு தடவை, மெதுவா, தலையை மேல தூக்கிக் கீழ எறக்கினா.

சாமிக்கண்ணு மாமா திரும்பிப் படகு பக்கத்துல நின்ன இராமதாஸைப் பாத்தாரு. தலைவரும் தலையைத்தான் ஆட்டினாரு. பழைய தீர்ப்பு அதோட போச்சு.

அடுத்த கூறு பாறை. அஞ்சலாட்சி எங்க எல்லாருக்கும் தெரியிற மாதிரி தலையாட்டினா. பார்வதி விடுவாளா? பழக்க தோசம், ஏத்தினா. இவ ஆட்டினா, அவ ஏத்தினா. வெலை எங்கியோ போயிடுச்சு. அப்பதான் அஞ்சலாட்சி சட்டுனு நின்னுட்டா. அசையவே இல்ல. கூறு பார்வதி தலையில விழுந்துச்சு. செவுளைத் தூக்கிப் பாத்தா வெளுத்துப் போன பழைய மீனு! கரையே குலுங்கிச் சிரிச்சுது. அந்தச் சிரிப்பு அடங்குறதுக்குள்ள அடுத்த சங்கராக் கூறை அஞ்சலாட்சிக்குன்னு மாமா தள்ளிவுட்டாரு. எப்ப ஆட்டினா? பக்கத்துலயே நின்ன எனக்குத் தெரியல. கழுதை! எனக்குச் சிரிப்பும் வருது, கண்ணுல தண்ணியும் வருது.

ஒரு வருசத்துக்கும் மேல நல்லாத்தான் ஓடுச்சு. டாக்டரம்மா பொய் சொல்லல. ஆட்டம் நின்னுடுச்சு, நோய் நிக்கல. கம்பி எட்டாத எடத்துல அது பாட்டுக்கு வேலை செஞ்சிக்கிட்டு இருந்துச்சு. சில்லறை குடுக்கும்போது யோசிப்பா. சோறு தொண்டையில சிக்கும். மீனைப் பாத்தா அந்தப் பார்வை அப்படியேதான் இருந்துச்சு, ஆனா பாத்ததுக்கும் முடிவு பண்றதுக்கும் நடுவுல நேரமாச்சு. கூறு போனப்பறம் தலையாட்டுவா.

அதைப் பாத்துட்டு சாமிக்கண்ணு மாமா அவளுக்காக நிக்க ஆரம்பிச்சாரு. வெலை சொல்லிட்டு, தொண்டையைச் செருமுவாரு, துண்டை ஒதறித் தோள்ல போடுவாரு, கடலைப் பாப்பாரு. அவ ஆட்டுற வரைக்கும். யாரும் ஐஸு உருகுதுன்னு கத்தல. பார்வதியும் பேசாம நிப்பா. நாங்க யாரும் பேசி வச்சிக்கல, அதுவா அப்படி ஆயிடுச்சு.

ஒரு நாளு காலையில நல்ல வஞ்சிரம் வந்திருந்துச்சு. மாமா வெலையைச் சொல்லிட்டுத் துண்டை ஒதறினாரு. அஞ்சலாட்சி மீனைப் பாத்தா. அப்பறம் மீனை விட்டுட்டு எங்களைப் பாத்தா, ஒவ்வொருத்தரையா. ஏலம் நிக்கிறது அவளுக்காகத்தான்னு அன்னிக்கு அவளுக்குப் புரிஞ்சுடுச்சு. மாமாவைப் பாத்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினா. வேணாம். யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி இன்னொரு தடவையும் ஆட்டினா. கூடையைக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டு என்னமோ சொன்னா. அவ பேச்சு யாருக்கும் புரியாது, எனக்கு மட்டும் கொஞ்சம் புரியும். "எனக்காக நிறுத்த வேணாம்க்கா. போடச் சொல்லு."

சொல்லிட்டு மணல்ல வூட்டைப் பாத்து நடந்தா. கை ஆடல, தோளு ஆடல. அய்யப்பன் கையில இருந்த வலையைக் கீழ போட்டுட்டு அவ பின்னால ஓடினாரு. நான் ரெண்டு கூடையையும் புடிச்சிக்கிட்டு ஓன்னு அழுதேன். நோய் ஆட்டிக்கிட்டு இருந்த தலையை அவ திருப்பி வாங்கினது, கடைசியில அவளே வேணாம்னு சொல்றதுக்காகவான்னு ஆத்திரமா வந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, ஆமா, அதுக்கும் சேத்துதான்னு தோணுச்சு. அப்பவும் அழுகை நிக்கல.

மாமா என்னைப் பாத்தாரு. "அவ போடச் சொல்றா"ன்னேன். அவரு மூக்கை உறிஞ்சிக்கிட்டு அடுத்த வெலையைச் சொன்னாரு, பார்வதி தலையாட்டினா, வஞ்சிரம் கைமாறிப் போச்சு. ஏலம் நிக்கல. அவ கேட்டுக்கிட்டது அதைத்தான்.